பதிவேட்டில் 164 பேர், கூட்டத்தில் 19 பேர்

உச்சிப்புளி செயலாளர் கேட்கிறார்:

அனைவருக்கும் ஜெய்ஹிந்த். உச்சிப்புளியைச் சுற்றியும், தெற்கே புதுமடம் வரையிலும், வடக்கே ஆற்றங்கரை, பனைக்குளம், அழகன்குளம் வழியாகத் தேவிபட்டினம் வரையிலும் உள்ள முன்னாள் படைவீரர்களுக்காக இயங்கிவரும் ஒரு சிறு சங்கத்தின் செயலாளர் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. தரைப்படையில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் என்பதால், எழுத்து வேலை தெரிந்த ஆள் என்று சொல்லி என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். எழுத்து வேலையில் குறை ஏதும் இல்லை. தீர்மானப் புத்தகம், வரவு செலவுக் கணக்கு, மாவட்டப் பதிவாளருக்கு ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய தாள்கள் எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. ஆட்கள்தாம் இல்லை.

பதிவேட்டில் 164 பெயர்கள் உள்ளன. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் நடக்கும். சென்ற கூட்டத்துக்கு வந்தவர்கள் 19 பேர். அவர்களில் 11 பேர் நிர்வாகக் குழுவினர். எங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் எதிரே எட்டுப் பேர்தான் அமர்ந்திருந்தார்கள், அவர்களிலும் இருவர் ராணுவக் கேன்டீன் கார்டு விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்து நிரப்பி வாங்கிக்கொண்டு போவதற்காக வந்தவர்கள்.

முன்பு இப்படி இருக்கவில்லை என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். ஒரே பதவியில் ஒரே அளவு காலம் பணியாற்றியவர்களுக்கு, எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே ஓய்வூதியம் என்ற 'ஒரே பதவி ஒரே ஓய்வூதிய' ஆணை 2015 நவம்பர் 7 அன்று வெளியானபோது, தமக்கு எவ்வளவு நிலுவை வரும் என்று அட்டவணையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காகக் கூடம் கொள்ளாத அளவுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். நிலுவைத் தொகை கணக்கில் ஏறியதும் கூட்டமும் கரைந்துவிட்டது. பிறகு 2019 ஜூலை 1 முதல் கணக்கிடப்பட்ட திருத்தம் 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோது இரண்டு மாதங்களுக்கு மீண்டும் நிரம்பியது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் மட்டும் கரைக்கு ஓடிவருகிற படகுகளைப் போலத்தான் எங்கள் உறுப்பினர்கள் சங்கத்துக்கு வருகிறார்கள்.

தேநீர், வடை ஏற்பாடு செய்து பார்த்தோம். வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். அதில் காலை வணக்கப் படங்கள் வருகின்றனவே தவிர, கூட்டத்துக்கு வருகிறேன் என்று ஒரு பதிலும் வருவதில்லை. இப்போது குழுவில் ஒரு சாரார், இரண்டு ஆண்டுகள் சந்தா நிலுவை வைத்திருப்பவர்களின் பெயர்களைப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு நீக்கிவிடலாம் என்கிறார்கள். அப்படி நீக்கினால் 164 என்பது 70-க்கு வந்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த 164 பேரில் கிட்டத்தட்ட நாற்பது பேர் இறந்துவிட்டார்கள். அவர்களுடைய துணைவியர் குடும்ப ஓய்வூதியம் பெறுகிறார்கள். அவர்கள் கொடிநாளன்று மட்டும் வருவார்கள், அதுவும் அழைத்துக்கொண்டு வந்தால்தான். இப்படிப்பட்ட நிலையில் இருந்து சங்கத்தை மீட்டவர்கள் எவரேனும் இருந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.


சாயல்குடி சுபேதார் எழுதுகிறார்:

ஜெய்ஹிந்த் தம்பி. பெயர் நீக்கும் தீர்மானத்தை முதலில் கிழித்துப் போடுங்கள். சந்தாவுக்காக ஒருவரை நீக்கினால், நாளைக்கு அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி உங்கள் வாசலுக்கு வருவதற்குக் கூசுவார். சங்கம் தேவைப்படுகிற நாள் அதுதான்.

எங்கள் பக்கமும் உங்கள் கதைதான் நடந்தது. வருகிறவர்களைத் திட்டியும் வராதவர்களைப் பற்றிப் புலம்பியும் இரண்டு ஆண்டுகள் ஓட்டினோம். மாறியது ஒரு துக்க வீட்டில்தான். மூக்கையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் உறுப்பினர் ஒருவர் இறந்துபோனதற்காக நான்கு பேர் போயிருந்தோம். திரும்புகிற நேரத்தில் எதிர்வீட்டு அம்மா ஒருவர் எங்களை நிறுத்தி, 'நீங்கள் பட்டாளத்துச் சங்கம்தானே?' என்று கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். அதற்குள் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. டின்னுக்குள் ஓரம் கரையான் அரித்த டிஸ்சார்ஜ் புத்தகம், ரிப்பன் நிறம் வெளுத்த இரண்டு பதக்கங்கள், நான்காக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) தாள். அவருடைய கணவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் நாயக்காக இருந்தவர், இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த அம்மாவுக்கு அப்போது வயது 83.

தம்பி, நீங்கள் கிளார்க்காக இருந்தவர், உடனே புரிந்துகொள்வீர்கள். ஓய்வூதியரோ குடும்ப ஓய்வூதியரோ 80 வயதை நிறைவு செய்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாக வர வேண்டும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதானால் முழுவதும் இரட்டிப்பு. அந்த அம்மாவுக்கு மூன்று ஆண்டுகளாக ஒரு பைசாவும் கூடவில்லை. ஏனென்றால் பி.பி.ஓ.வில் அவருடைய பெயர் மட்டும்தான் இருந்ததே தவிரப் பிறந்த தேதி இல்லை. அந்தக் காலத்தில் விடுப்பில் வந்து கல்யாணம் செய்துகொண்டு யூனிட்டுக்குத் திரும்பியவர், மனைவியின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். தேதி அவருக்கும் தெரிந்திருக்காது, கேட்கவும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கணினிக்கு அவர் எப்போது 80-ஐத் தொட்டார் என்று எப்படித் தெரியும்? முன்னாள் படைவீரர் நல அலுவலகம், படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ், ஸ்பர்ஷ் என்ற இணையவழி ஓய்வூதிய அமைப்பு என்று கடிதம் போட்டு, ஆதாரையும் வாக்காளர் அட்டையையும் இணைத்து, ஏழு மாதங்கள் அலைந்து சரிசெய்தோம். நிலுவையோடு சேர்ந்து பணம் வந்தது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த அம்மாவின் பேரன் ஒரு ஷேர் ஆட்டோ நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தான். நாங்கள் அழைப்பு அனுப்பவே இல்லை.

அன்றைக்குத்தான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. சங்கத்தின் பதிவேட்டில் சந்தா கட்டியவர், கட்டாதவர் என்ற இரண்டு செய்திகள்தான் இருந்தன. அந்த வீட்டைப் பற்றி ஒன்றுமே இல்லை. அதனால் வீட்டு நோட்டு என்று ஒன்றைத் தொடங்கினோம். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். அவர் ஓய்வூதியம் பெறுகிறவரா, பெறாதவரா. மனைவியின் பெயர் பி.பி.ஓ.விலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, பிறந்த தேதி ஏறியிருக்கிறதா, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டு வாங்கியாயிற்றா, ஓய்வூதியர் உயிரோடு இருப்பதைக் காட்டும் ஆண்டுக்கான வாழ்வுச் சான்று எந்த மாதத்தில் முடிகிறது, பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள். இவ்வளவுதான். ஆனால் இதை நிரப்புவதற்கு ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் அரை மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது, அந்த அரை மணி நேரம்தான் எங்கள் சங்கத்துக்கு உயிர் கொடுத்தது என்பேன்.

யார் போய் உட்காருவது என்று கேட்பீர்கள். பத்து வீடுகளை ஒரு செக்‌ஷன் என்று பிரித்தோம். பத்துப் பேரை நடத்தத் தெரியாத நாயக் நம் படையில் எவரும் இருந்ததில்லை. 'கூட்டத்துக்கு வா' என்றால் வராத ஆள்கூட, 'இந்தப் பத்து வீடு உன் பொறுப்பு' என்றால் முதுகை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். மாதக் கூட்டத்தை இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை என்று குறைத்துவிட்டோம். கூட்டத்துக்கே வராமல் தன் பத்து வீடுகளை ஒழுங்காகப் பார்த்துக்கொள்பவரைத்தான் நாங்கள் முதல்தர உறுப்பினராகக் கருதுகிறோம்.

நம் கடற்கரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாழ்வுச் சான்று பெரும்பாலோருக்கு நவம்பரில்தான் வருகிறது, நமக்கு மழையும் அப்போதுதான். எண்பது வயதுக்காரர் சேற்றில் இறங்கிப் பேருந்து ஏறி வந்து விரலை வைத்தால் இயந்திரம் ரேகை பதியவில்லை என்கிறது. வலை இழுத்த கைக்கும் பனையேறிய கைக்கும் ரேகை எங்கே மிச்சம் இருக்கப் போகிறது? முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் என்ற மின்னணு வாழ்வுச் சான்றைச் செய்கிற வசதி கைப்பேசியில் 2021 முதல் வந்துவிட்டது. செக்‌ஷனுக்கு ஓர் இளைஞனிடம் அதைப் பழக்கிவிட்டால், மழைக்கு முன்பே திண்ணையில் வைத்து முடித்துவிடலாம்.

ஓய்வூதியம் பெறாதவர்களையும் தேடிப் பிடியுங்கள். 15 ஆண்டுகளை நிறைவு செய்யாமல் வெளியே வந்த சிப்பாய்களும் நாயக்குகளும் நம் ஊர்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், தமக்கு எதுவும் இல்லை என்று அவர்களே முடிவு கட்டி ஒதுங்கிவிட்டார்கள். 65 வயதைக் கடந்து, ஓய்வூதியம் இல்லாமல், ஹவில்தார் நிலைக்கு மேற்படாதவராக இருந்து வறுமையிலும் இருந்தால் மத்திய அரசின் படைவீரர் நல வாரியமான கேந்திரிய சைனிக் போர்டின் வறுமை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வருகிற விண்ணப்பங்களுக்கு 8,000 ஆகியிருக்கிறது.


தேவிபட்டினம் மகள் எழுதுகிறார்:

ஐயா, நான் படைவீரர் அல்லள். என் தந்தை பொறியாளர் படையில் ஹவில்தாராக இருந்தவர், ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு காலமானார். செயலாளர் ஐயா எழுதியிருக்கும் அந்த நாற்பது பேரைப் போன்றவர்தான் என் அம்மா என்பதால் இதை எழுதத் தோன்றியது. (எந்தச் சங்கம் என்று நான் சொல்லப் போவதில்லை.)

எங்கள் வீட்டு பீரோவில் ஐந்து பொன்னாடைகள் இருக்கின்றன. ஐந்தும் கொடிநாளுக்கும் 1971 போர் வெற்றி நாளான விஜய் திவசுக்கும் அழைத்துப் போர்த்தியவை. போர்த்துவார்கள், புகைப்படம் எடுப்பார்கள், கீழே அனுப்பிவிடுவார்கள். முதல் முறை போனபோது அம்மா ஒரு காகிதத்தைச் சேலை முந்தானையில் முடிந்து எடுத்துக்கொண்டு போயிருந்தார். அப்பாவின் ஆவணங்களில் அம்மாவின் பெயர் முத்து என்று இருக்கிறது, வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் முத்துலட்சுமி என்று இருக்கிறது. இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்கச் சொல்லி ஒரு வங்கிக் கிளையில் நான்கு முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதைக் கேட்கத்தான் அம்மா போனார். மேடையில் இருந்தவர்கள் தங்களுக்குள் இந்தியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அந்தக் காகிதத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவும் தம் நண்பர்களைப் பார்த்தால் உடனே இந்திக்கு மாறிவிடுவார், அது பழைய நாட்களின் ருசி என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மொழி அம்மாவுக்கு ஒரு சுவர். இதுபோன்ற சில சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கின்றன. கூட்டம் முடியும்போது எங்கள் ஊருக்குப் பேருந்து இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கூடத்தில் பெண்கள் பயன்படுத்தும்படி கழிப்பறை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் விதிகளில் அம்மா 'உறுப்பினரின் மனைவி'. உறுப்பினர் இல்லை, ஓட்டும் இல்லை. அவர் ஏன் வர வேண்டும்?

பத்து வீடுகளுக்கு ஒருவர் என்று சுபேதார் ஐயா எழுதியிருப்பது மிகவும் நல்ல ஏற்பாடு. அந்தப் பொறுப்பில் சில இடங்களில் பெண்களையே போடலாமே. ஒரு விதவைத் தாயின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்க இன்னொரு பெண்ணுக்குத்தான் எளிதாக இருக்கும். பெயர்க் குழப்பத்தை ஒருவழியாக நாங்களே தீர்த்துக்கொண்டோம். அதற்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்பது இப்போது அம்மாவுக்கு மனப்பாடம். கேட்டால் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுப்பார்.


பாம்பன் மாலுமி எழுதுகிறார்:

சுபேதார் சாப் எழுதியதில் முக்கால்வாசி சரி. மீதியில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

வீட்டு நோட்டு, விண்ணப்பம், நிலுவை என்று மட்டுமே போனால் சங்கம் ஒரு இ-சேவை மையமாகிவிடும். வேலை முடிந்தால் ஆள் போய்விடுவார் என்பதுதானே செயலாளரின் மூல வருத்தம்? இரண்டு முறை நிலுவைத் தொகைக்காகக் கூடம் நிரம்பியதும் பிறகு காலியானதும் அதைத்தான் காட்டுகின்றன. தாள் வேலை ஆளை வரவழைக்கும், இருக்க வைக்காது.

எங்கள் பக்கம் நாங்கள் செய்தது மிகச் சாதாரணமானது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஒரே தேநீர்க் கடையின் வெளிப்பெஞ்சில், யார் வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு பேர் கட்டாயமாக இருப்போம். தீர்மானம் கிடையாது, மேடை கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. புதிய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி மேலே போகிறதா என்று பார்ப்போம், பழைய கப்பல்களைப் பற்றிப் பொய் கலந்து பேசுவோம். முதல் மூன்று மாதங்கள் நாலைந்து பேர்தான். இப்போது பதினைந்து பேருக்குக் குறைவதில்லை. முக்கியமான ஒன்று, அங்கே நாற்காலி வரிசை இல்லை. உங்கள் கூட்டங்களில் ஹானரரி கேப்டன் முதல் வரிசை, சிப்பாய் கடைசி வரிசை என்று இருந்தால், அதைச் சகித்துக்கொள்ள ஒருவன் ஓய்வுக்குப் பிறகும் ஏன் வர வேண்டும்? செக்‌ஷன், செக்‌ஷன் கமாண்டர் என்ற பெயர்களும் தரைப்படைக்காரருக்குத்தான் இனிக்கும். கடற்படையிலும் விமானப்படையிலும் இருந்து வந்தவர்களுக்கு அது வேறு வீட்டுச் சாப்பாடு. கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் உச்சிப்புளியிலேயே இருக்கிறது. உங்கள் 164 பேரில் கடற்படையினர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நம் கரையில் இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கைக்குப் போய் வந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கார்கில் நாளன்று கார்கிலுக்குப் போனவரை மேடை ஏற்றுகிறோம், டிசம்பர் 16 அன்று 1971-இல் போரிட்டவரை ஏற்றுகிறோம். இவர்களுக்கு நாம் எந்த நாளும் வைக்கவில்லை. மண்டபம் முகாமுக்கு அகதிகளாக வந்து இறங்கிய மக்களுக்கு நடுவிலேயே, அவர்களோடு கடைத்தெருவில் ஒன்றாக நின்றுகொண்டே, இவர்கள் வாயைத் திறக்காமல் முப்பத்தைந்து ஆண்டுகளை ஓட்டிவிட்டார்கள். எங்கள் பெஞ்சில் ஒருவர் எட்டு மாதங்கள் வெறுமனே தேநீர் குடித்துவிட்டுப் போனார். ஒருநாள் மின்சாரம் இல்லாத மாலையில், யாழ்ப்பாணத்தில் தம் பக்கத்தில் விழுந்த நண்பனைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். யாரும் குறுக்கே பேசவில்லை. மறுவாரம் தம்மைப் போலவே அங்கே போயிருந்த இன்னொருவரை அவரே கூட்டிக்கொண்டு வந்தார். இதை எந்த நோட்டில் எழுதுவீர்கள்?

இளைஞர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முப்பத்தைந்து, நாற்பது வயதில் வெளியே வருகிறவர் வீட்டில் உட்காருவதில்லை. தமிழக அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ மூலம் காவல் பணி, வங்கிக் காவல், வளைகுடா என்று போய்விடுகிறார். அவருக்கு ஞாயிறு காலை பத்து மணி என்பது ஷிஃப்ட் நேரம். கடலோரக் குடும்பங்களில் பிறந்தவர்கள் அண்ணன் தம்பியோடு படகுக்கும் போகிறார்கள். ஆகவே பொதுக்குழுவை மே மாதத்தில் வைத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் இருக்கும், மார்ச் 31-இல் முடிந்த கணக்கும் தணிக்கையாகி வந்திருக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் வெளியூரில் இருப்பவர்களும் வருவார்கள். ஜனவரி 14-இல் முன்னாள் படைவீரர் தினத்தை வைத்துக்கொண்டு ஆள் வரவில்லை என்று வருத்தப்படுவதில் பொருளே இல்லை. அன்று முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா ஓய்வு பெற்ற நாள் என்பது நமக்குத் தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்கு அது போகியோ பொங்கலோதான்.

அக்னிவீரர்களை என்ன செய்வது என்றும் இப்போதே பேசி வையுங்கள். 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போன தரைப்படையின் முதல் அணிக்கு நான்கு ஆண்டுகள் முடிந்ததும் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் படையில் தொடர முடியாது. அரசின் கணக்கில் அவர்கள் முன்னாள் படைவீரர் என்ற தகுதியைப் பெறுவதில்லை, கேன்டீனும் இல்லை, இ.சி.எச்.எஸ்.ஸும் இல்லை. உங்கள் துணைவிதியில் அவர்களுக்கு இடம் உண்டா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், சீருடை போட்ட பிள்ளை நம் பிள்ளை.


உச்சிப்புளி செயலாளர் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. தேவிபட்டினம் சகோதரிக்குத் தனியாக ஒரு வார்த்தை: இந்திப் பேச்சு எங்கள் மேடையிலும் உண்டு, நானும் அதில் குற்றவாளிதான். குடும்ப ஓய்வூதியம் பெறுவோரை முழு உறுப்பினராக்கும் திருத்தத்தைப் பொதுக்குழுவில் வைக்கிறேன்.

எனக்கு இரண்டு ஐயங்கள். வீட்டு நோட்டில் பி.பி.ஓ. எண், வங்கிக் கணக்கு, ஆதார் நகல் எல்லாம் சேர்ந்தால் அது யார் கையிலாவது சிக்கினால் என்ன ஆவது? இரண்டாவது, உறுப்பினர் எவரேனும் இறந்தால் சங்கத்தின் சார்பில் மலர்வளையம் வைத்துத் தேசியக் கொடி போர்த்துகிறோம். ஊரில் இதற்கு நல்ல மதிப்பு இருக்கிறது. சென்ற மாதம் ஓர் இளைஞர் அது தவறு என்று என்னோடு வாதாடினார்.


சாயல்குடி சுபேதார் எழுதுகிறார்:

நகல் எதையும் வாங்காதீர்கள் தம்பி, எண்களையும் எழுதாதீர்கள். 'தேதி ஏறியிருக்கிறது, பெயர் சரி' என்று ஆம், இல்லை மட்டும் எழுதினால் போதும். மூலத் தாள்கள் அவரவர் பெட்டியிலேயே இருக்கட்டும். போகிற வீட்டில் எல்லாம் இன்னொன்றையும் சொல்லிவிட்டு வாருங்கள்: ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், வாழ்வுச் சான்றுக்கு ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று யாராவது அழைத்தால், உடனே வைத்துவிட்டுத் தம் செக்‌ஷன்காரரைக் கூப்பிட வேண்டும். மாலுமி அண்ணன் விரும்பினால் செக்‌ஷன் என்பதற்குப் பதிலாகப் பத்து வீட்டுக்காரர் என்றே அழைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அவருடைய பெஞ்சை நாங்களும் பரீட்சித்துப் பார்க்கப் போகிறோம்.

கொடி விஷயத்தில் அந்த இளைஞர் சொன்னதுதான் சரி. அரசு மரியாதை, ராணுவ மரியாதை, துணை ராணுவ மரியாதையோடு நடக்கிற இறுதிச் சடங்கில் மட்டுமே தேசியக் கொடியைப் போர்த்தலாம் என்று கொடி விதிகள் சொல்கின்றன. சங்கம் வைக்கிற மரியாதை அதற்குள் வராது. நாங்கள் சங்கத்துக்கென்று ஒரு கொடி தைத்துக்கொண்டோம். அதைப் போர்த்தி, வரிசையாக நின்று சல்யூட் அடித்துவிட்டு, மடித்து மனைவி கையிலோ மூத்த பிள்ளை கையிலோ கொடுக்கிறோம். பதினைந்தாம் நாள் கருமாதி முடிந்ததும் இரண்டு பேர் திரும்பப் போய்க் குடும்ப ஓய்வூதியத்துக்கான தாள்களை எடுத்து வைக்கிறோம். முதல் நாள் போவதைவிட அந்த இரண்டாவது முறை போவதுதான் கடினம், ஏனென்றால் அப்போது பார்க்க ஊர் இருக்காது.


உச்சிப்புளி செயலாளர் எழுதுகிறார்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நீக்கும் தீர்மானத்தைக் குழுவே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒருவர் மட்டும் எதிர்த்தார், அவரையே புதுமடம் பக்கத்துப் பத்து வீடுகளுக்குப் பொறுப்பாக்கிவிட்டோம்.

நானும் அவரோடு முதல் ஞாயிறு போனேன். நீக்கல் பட்டியலில் முதல் பெயராக இருந்தவரின் வீட்டுக்குத்தான் முதலில் போனோம். மூன்று ஆண்டுகளாகச் சந்தாவும் இல்லை, ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, 'சங்கம் இன்னும் இருக்கிறதா?' என்று கேட்டார். மாதாமாதம் செய்தி அனுப்புகிறோமே என்று நான் கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன். எந்த எண்ணுக்கு என்று கேட்டார். படித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். அது அவருடைய மகனின் எண். பையன் நான்கு ஆண்டுகளாகச் சவூதியில் இருக்கிறான். உச்சிப்புளி சமுதாயக் கூடத்தில் நடக்கிற கூட்டத்துக்கு மாதந்தோறும் அவனைத்தான் நாங்கள் அழைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

சந்தா நிலுவையை அப்போதே எடுத்துக் கொடுக்க வந்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருடைய மனைவியின் பிறந்த தேதி பி.பி.ஓ.வில் ஏறவில்லை. எனவே இந்த வாரம் 164 எண்களையும் ஒவ்வொன்றாக அழைத்துப் பார்க்கிறோம். இதுவரை 58 முடிந்திருக்கிறது. அவற்றில் பதினேழு எண்கள் வேறு யாருடையவோ.